கை படாமல் கணினி: திருநெல்வேலிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனையிலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டவர்கள், பிறந்ததிலிருந்தே பெருமூளை வாதம் உள்ளவர்கள், தசைச்சிதைவு நோயால் கை மெல்ல மெல்ல ஓய்ந்துபோனவர்கள், பைக் விபத்தில் கையை இழந்தவர்கள். மவுஸைத் தொடாமல் கணினியை எப்படி ஓட்டுவது என்று திருநெல்வேலிச் சீமையில் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான், இல்லாவிட்டால் இவர்களுடைய அம்மாவோ அண்ணனோ. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பார்வையில்லாதவர்களுக்கான ஸ்கிரீன் ரீடர் இதில் இல்லை. அது தனிப் பாடம்.

கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. எங்கிருந்து தொடங்குவது?

கடையிலிருந்து தொடங்காதீர்கள். உடம்பிலிருந்து தொடங்குங்கள். என்ன அசைகிறது, எது அரை மணி நேரம் திரும்பத் திரும்பச் செய்தாலும் களைக்காது என்று முதலில் பாருங்கள். தலையை இடம் வலம் திருப்ப முடிகிறதா, பேச்சு தெளிவாக வருகிறதா, புருவம் தூக்க முடிகிறதா, கால் கட்டைவிரல் ஒன்றாவது சொன்னபடி கேட்கிறதா? காலையில் ஒரு தடவையும் சாயங்காலம் ஒரு தடவையும் பார்க்க வேண்டும். காலையில் நன்றாகப் பேசுகிறவருக்குப் பொழுது சாய்ந்ததும் குரல் இறங்கிவிடுவது உண்டு. அப்போது குரலை மட்டும் நம்பி அமைத்த ஏற்பாடு பாதி நாள்தான் வேலை செய்யும்.

இன்னொன்றும் முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். எந்த முறையாக இருந்தாலும், அதைத் தொடங்குவதும் நிறுத்துவதும் அவர் கையில், அதாவது அவர் குரலிலோ தலையிலோ, இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் யாராவது வந்து 'ஆன்' செய்து கொடுக்கிற ஏற்பாடு நாலு நாளில் மூலைக்குப் போய்விடும். நான் பார்த்தவரையில் நல்ல கருவிகள் தூசி பிடித்துக் கிடப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

இதற்கெல்லாம் நிறையச் செலவாகுமோ?

பெரும்பாலும் ஆகாது. வேண்டியதில் முக்கால்வாசி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் கீயோடு 'யூ' எழுத்தை அழுத்தினால் ஆக்ஸசிபிலிட்டி பக்கம் திறக்கும். மேக், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் இதே பெயரில் ஒரு பகுதி உண்டு. காசு கொடுத்து வாங்குவதென்றால் முதலில் ஒரு நல்ல மைக். மற்றதெல்லாம் அப்புறம்.

குரலால் மவுஸை எப்படி நகர்த்துவது?

விண்டோஸ் 11-இல் வாய்ஸ் ஆக்சஸ் என்று ஒன்று இருக்கிறது. செட்டிங்ஸ், ஆக்ஸசிபிலிட்டி, ஸ்பீச் என்று போனால் கிடைக்கும். முதல் தடவை மொழிக் கோப்பை இறக்கிக்கொள்ள இணையம் வேண்டும். அதன்பின் இணையமே இல்லாமல் ஓடும். டவர் கிடைக்காத மாஞ்சோலைப் பக்கத்து வீட்டிலும் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொழிப் பட்டியலில் இந்திய ஆங்கிலம் என்று தனியாக இருக்கிறது. அதையே தேர்ந்தெடுங்கள்; நம் உச்சரிப்புக்கு அமெரிக்க ஆங்கிலத்தைவிட அது தேவலை.

உண்மையில் கர்சரை நகர்த்த வேண்டிய தேவையே அதிகம் வராது. 'ஷோ நம்பர்ஸ்' என்று சொன்னால் திரையில் அழுத்தக்கூடிய ஒவ்வொரு பொத்தானுக்கும் இணைப்புக்கும் மேலே ஓர் எண் வந்து உட்காரும். 'க்ளிக் 14' என்றால் பதினான்காம் எண் பொத்தான் அழுத்தப்படும். எண் விழாத இடங்களும் உண்டு: படம், வரைபடம், சில பழைய அரசு இணையதளங்கள். அங்கே 'ஷோ கிரிட்' என்று சொல்லுங்கள். திரை ஒன்பது கட்டங்களாகப் பிரியும். ஓர் எண்ணைச் சொன்னால் அந்தக் கட்டம் மட்டும் மறுபடி ஒன்பதாகும். இரண்டு மூன்று எண்களில் வேண்டிய இடத்துக்குப் போய்விடலாம். அப்புறம் 'க்ளிக்', 'டபுள் க்ளிக்', 'ரைட் க்ளிக்' எது வேண்டுமோ அது. 'மூவ் மவுஸ் லெஃப்ட்', பிறகு 'ஸ்டாப்' என்று நகர்த்தும் வழியும் இருக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. நாம் 'ஸ்டாப்' சொல்லி, அது கேட்டு நிற்பதற்குள் கர்சர் தாண்டிப் போயிருக்கும்.

பக்கத்தை உருட்ட 'ஸ்க்ரோல் டவுன்', செயலி திறக்க 'ஓப்பன்' என்று சொல்லி அதன் பெயர், செய்ததை மீட்க 'அண்டூ தட்'. மறந்துபோனால் 'வாட் கேன் ஐ ஸே' என்று கேளுங்கள், முழுப் பட்டியலும் வரும்.

வீட்டில் ஆட்கள் பேசுவதையெல்லாம் அது கட்டளையாக எடுத்துக்கொள்கிறதே?

எடுத்துக்கொள்ளத்தான் செய்யும். அத்தை வந்து நலம் விசாரிக்கும்போது 'வாய்ஸ் ஆக்சஸ் ஸ்லீப்' என்று சொல்லித் தூங்க வைத்துவிடுங்கள். 'வாய்ஸ் ஆக்சஸ் வேக் அப்' என்றால் எழுந்துவிடும். ஆனால் 'டர்ன் ஆஃப் மைக்ரோபோன்' என்று மட்டும் சொல்லாதீர்கள். மைக் முழுக்க அணைந்துவிட்டால் குரலால் அதை மறுபடி எழுப்ப முடியாது. ஆல்ட், ஷிப்ட், 'பி' மூன்றையும் யாராவது வந்து அழுத்த வேண்டியிருக்கும். இந்த ஒரு வரியைச் சுவரில் எழுதி ஒட்டுவது நல்லது.

அண்ணாச்சி, தம்பிக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. தமிழில் கட்டளை சொல்ல முடியாதா?

வாய்ஸ் ஆக்சஸில் தமிழ்க் கட்டளை இல்லை. ஆனால் அன்றாடம் வேண்டியது இருபது முப்பது சொற்களும் ஒன்றிலிருந்து நூறு வரை எண்களும்தான். பஸ் ஸ்டாண்டில் 'ரைட்', 'ஸ்டாப்' சொல்கிற நமக்கு இது பெரிய காரியமில்லை. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் அட்டையில் பெரிதாக எழுதித் திரைக்கு மேலே மாட்டுங்கள். கொஞ்ச நாளில் அட்டையைப் பார்க்கவே மாட்டார்.

கட்டளைக்குத்தான் ஆங்கிலம், எழுதுவது தமிழிலேயே நடக்கும். கூகுள் 2017-இல் தன் குரல் தட்டச்சில் தமிழைச் சேர்த்தது. குரோம் உலாவியில் கூகுள் டாக்ஸைத் திறந்து, டூல்ஸ் மெனுவில் வாய்ஸ் டைப்பிங்கை எடுத்து, மொழியைத் தமிழாக்கினால் போதும். இதற்கு இணையம் வேண்டும். "போயிட்டு வாரேன்", "சொல்லுதான்", "என்னல" என்று நம் பேச்சில் பேசினால் ஒரு சொல் சரியாக விழும், அடுத்தது எங்கோ போகும். ரேடியோ செய்தி வாசிப்பதைப்போல நிதானமாகச் சொன்னால் நன்றாகவே எழுதும். முற்றுப்புள்ளி, புதுப் பத்தி போன்ற குரல் கட்டளைகள் அங்கே தமிழுக்கு இல்லை, பின்னால் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. வாய்ஸ் ஆக்சஸ், கூகுள் டாக்ஸ் இரண்டும் ஒரே மைக்கைக் கேட்டுக்கொண்டிருக்கும். டாக்ஸின் மைக்கை க்ளிக் செய்தவுடன் வாய்ஸ் ஆக்சஸைத் தூங்க வைத்துவிட்டுத் தமிழில் பேசுங்கள். முடிந்ததும் எழுப்புங்கள். அந்தத் தூங்கு, எழுந்திரு கட்டளைகளும் தமிழ் எழுத்தில் ஏதாவது கோலத்தில் பக்கத்தில் விழுந்திருக்கும். அழித்துக்கொள்ளுங்கள், வேறு வழியில்லை.

ஃபேன் ஓடும்போது சொல்வது கேட்கவே மாட்டேன் என்கிறது.

பாளையங்கோட்டை வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றையும் யாரும் நிறுத்த முடியாது. மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுவருவதுதான் வழி. லேப்டாப்பில் இருக்கிற மைக் ஃபேன் சத்தத்தையும் உங்கள் குரலையும் ஒன்றாகவே அள்ளும். தலையில் மாட்டுகிற ஹெட்செட் மைக் என்றால் வாயின் ஓரத்தில், மூச்சு நேராகப் படாதபடி வையுங்கள். ஆனால் ஹெட்செட்டை மாட்டிவிட ஒரு ஆள் வேண்டும். அதனால் படுக்கையிலேயே இருப்பவருக்கு வளைகிற கழுத்துள்ள மைக்கைக் கட்டில் சட்டத்தில் பொருத்துவதையே சொல்வேன். தலையை அந்தப் பக்கம் திருப்பினால் மைக், இந்தப் பக்கம் திருப்பினால் தலையணை.

பேச்சும் தெளிவில்லை. தலை மட்டும் நன்றாகத் திரும்பும்.

அப்படியென்றால் வெப்கேமராவே உங்கள் மவுஸ். ஈவியாகேம் என்ற இலவசச் செயலி விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். கேமரா முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், தலை திரும்பும் பக்கம் கர்சர் போகும். கர்சரை ஓரிடத்தில் கொஞ்ச நேரம் அசையாமல் நிறுத்தினால் அது க்ளிக் ஆகிவிடும். பாஸ்டன் கல்லூரியில் உருவான கேமரா மவுஸ் என்பதும் இதே வேலையைச் செய்வது. கூகுள் 2023-இல் வெளியிட்ட கேம்ஃபேஸ் கொஞ்சம் வேறு மாதிரி. வாயைத் திறந்தால் க்ளிக், புருவத்தைத் தூக்கினால் வேறொன்று என்று முகபாவங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். தசைச்சிதைவு நோயுள்ள லான்ஸ் கார் என்ற அமெரிக்க விளையாட்டாளரோடு சேர்ந்து அதை உருவாக்கினார்கள். மேக் வைத்திருப்பவர்களுக்கு வெளியிலிருந்து எதுவும் தேவையில்லை. தலையசைவுச் சுட்டி, முகபாவ க்ளிக், நிறுத்தினால் க்ளிக் எல்லாமே ஆக்ஸசிபிலிட்டிக்குள்ளேயே இருக்கின்றன.

இதில் வெற்றி தோல்வி செயலியில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. நம் வீடுகளில் கட்டிலை ஜன்னல் ஓரமாகப் போட்டு, ஆள் ஜன்னலுக்கு முதுகு காட்டிச் சாய்ந்திருப்பார். கேமராவுக்கு முகம் கறுப்பாகத் தெரியும், கர்சர் தத்தளிக்கும். ஒன்று ஜன்னலை மூடுங்கள், இல்லாவிட்டால் ஆளைத் திருப்பிப் போடுங்கள். முகத்துக்கு முன்னாலிருந்து ஒரு டியூப் லைட் வெளிச்சம் விழுந்தால் போதும். திரை கண் மட்டத்தில் இருக்க வேண்டும். மடியில் வைத்தால் கேமராவுக்குத் தாடையும் மூக்குத் துளையும்தான் தெரியும்.

அமைப்பில் முதலில் வேகத்தைக் குறையுங்கள், நிறுத்தல் நேரத்தைக் கூட்டுங்கள். பழகப் பழக மாற்றிக்கொள்ளலாம். தலையை அரை வட்டம் திருப்பினால்தான் கர்சர் மூலைக்குப் போகிறது என்றால் கழுத்து வலி நிச்சயம், அப்போது வேகத்தைக் கூட்ட வேண்டும். தண்டுவடத்தில் அறுவைச் சிகிச்சை ஆனவர்கள் பிசியோதெரபிஸ்டைக் கேட்காமல் இதை ஆரம்பிக்கவே வேண்டாம்.

சும்மா படித்துக்கொண்டிருந்தாலும் க்ளிக் ஆகிவிடுகிறது!

ஈவியாகேமில் க்ளிக் பட்டை ஒன்று திரையின் மேலே நிற்கும். அதில் 'க்ளிக் வேண்டாம்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் படியுங்கள். இடது, வலது, இரட்டை க்ளிக், இழுத்தல் எல்லாம் அதே பட்டையில்தான்.

கண்ணாலேயே ஓட்டலாம் என்கிறார்களே?

ஓட்டலாம். விண்டோஸ் 10-இல் 2017 முதல் ஐ கன்ட்ரோல் இருக்கிறது. ஆனால் சாதாரண வெப்கேமரா போதாது, டோபி போன்ற தனிக் கண் நோக்கிக் கருவி வேண்டும். விலை கொஞ்சம் கடிக்கும். ஐபோன் 12-உம் அதற்குப் பிந்தியவையும் வைத்திருந்தால் 2024-இல் வந்த ஐஓஎஸ் 18 முதல் முன்கேமராவே கண்ணைப் பின்தொடரும், தனிக் கருவி வேண்டாம். பேச்சும் தலையசைவும் போனவர்களுக்கு இதுதான் கதி. மற்றவர்களுக்கு நான் இதை முதலில் சொல்ல மாட்டேன். கண் பார்ப்பதற்குப் படைத்தது. அதையே பார்க்கவும் அழுத்தவும் பயன்படுத்தினால் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

ஒரு விரலோ கால் விரலோ அசையும். வாயில் குச்சி கவ்வியும் அழுத்துவேன். எனக்கு என்ன வழி?

உங்களுக்கு மவுஸ் கீஸ். அதிகம் பேருக்குத் தெரியாத, ஆனால் பல வருஷமாக விண்டோஸில் இருக்கிற வசதி. இடது ஆல்ட், இடது ஷிப்ட், 'நம் லாக்' (Num Lock) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தொடங்கும். மூன்றையும் ஒன்றாக அழுத்த முடியாதவர்கள் செட்டிங்ஸில் ஆக்ஸசிபிலிட்டி, மவுஸ் என்று போய் நிரந்தரமாக ஆன் செய்துவிடச் சொல்லுங்கள்.

கீபோர்டின் வலப்பக்க எண் பலகைதான் மவுஸ் ஆகிறது. 8 மேலே, 2 கீழே, 4 இடது, 6 வலது. 7, 9, 1, 3 குறுக்காக. 5 க்ளிக். கூட்டல் குறி இரட்டை க்ளிக். கழித்தல் குறியை அழுத்திவிட்டு 5 அழுத்தினால் வலது க்ளிக், பழையபடி இடதுக்கு வர வகுத்தல் குறி. ஒன்றை இழுக்க வேண்டுமா? அதன் மேல் கர்சரை வைத்து 0 அழுத்தினால் பிடித்துக்கொள்ளும், நகர்த்திவிட்டுப் புள்ளியை அழுத்தினால் விட்டுவிடும். கன்ட்ரோலைப் பிடித்தால் வேகம், ஷிப்டைப் பிடித்தால் மெதுவு என்று ஓர் அமைப்பும் உண்டு.

லேப்டாப்பில் எண் பலகை இல்லையென்றால் யூஎஸ்பியில் செருகுகிற தனி எண் பலகை கடைகளில் கிடைக்கும். கால் விரலால் அழுத்துகிறவருக்கு அதைத் தரையில் ஒரு சாய்வுப் பலகைமேல் வைத்துக் கட்டிவிடுங்கள்.

இதோடு ஸ்டிக்கி கீஸையும் ஆன் செய்யுங்கள். ஷிப்டை ஐந்து தடவை தட்டினால் வரும். அதன்பின் கன்ட்ரோல் 'சி'யை ஒன்றாக அழுத்த வேண்டாம், ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினால் போதும். கை நடுங்கி ஒரே எழுத்து நாலு தடவை விழுகிறது என்றால் ஃபில்டர் கீஸ், வலது ஷிப்டை எட்டு விநாடி பிடித்தால் வரும். மேக்கில் மவுஸ் கீஸின் குறுக்குவழியை அமைப்பில் ஒரு தடவை ஆன் செய்துவிட்டால், ஆப்ஷன் கீயை ஐந்து தடவை தட்டுவதே சாவி.

கர்சரையே தொடாமல் வேலை செய்ய முடியாதா?

பாதி வேலை முடியும். டேப் அடுத்த பொத்தானுக்கு, ஷிப்டோடு டேப் முந்தையதற்கு, ஸ்பேஸும் என்டரும் அழுத்துவதற்கு. ஷிப்ட் எஃப்10 வலது க்ளிக் மெனு. ஆல்ட் 'டி' உலாவியின் முகவரிப் பட்டை. விண்டோஸ் கீயோடு 1, 2, 3 என்றால் கீழ்ப்பட்டையில் அந்த வரிசையிலுள்ள செயலி திறக்கும். அடிக்கடி வேண்டியவற்றை முதல் மூன்று இடங்களில் குத்திவையுங்கள்.

முக்கூடலில் இருக்கிறேன். வருஷக்கணக்கில் பீடி சுற்றி மணிக்கட்டு போய்விட்டது. இப்போது டைப்பிங் வேலை. மவுஸ் பிடித்தால் விரல் மரத்துப்போகிறது.

முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் விரல் மரத்து விழிப்பு வருகிறது என்றால் நரம்பு அழுந்துவதாக இருக்கலாம், தள்ளிப்போடக் கூடாது. கணினியில் செய்ய வேண்டியது இழுவையையும் க்ளிக்கையும் குறைப்பது. பழைய கன்ட்ரோல் பேனலில் மவுஸைத் திறந்தால் க்ளிக் லாக் இருக்கும். அதை ஆன் செய்தால் இழுக்கும்போது பொத்தானை அழுத்திப் பிடித்தே இருக்க வேண்டாம். ஸ்நாப் டூ என்பதை ஆன் செய்தால் கேள்விப் பெட்டி வரும்போது கர்சர் தானே 'ஓகே' மேல் போய் நிற்கும். எழுதுவதைக் குரல் தட்டச்சுக்கு மாற்றுங்கள். மவுஸை இடது கைக்கு மாற்றிப் பழகுகிறவர்களும் உண்டு, ஆனால் பீடிக்கு இரண்டு கையும்தானே உழைத்திருக்கிறது.

தமிழ் எழுத்துகளைத் திரையில் பார்த்து அழுத்த முடியுமா?

முடியும். விண்டோஸ் கீ, கன்ட்ரோல், 'ஓ' மூன்றும் சேர்ந்தால் திரை விசைப்பலகை வரும். மொழி அமைப்பில் தமிழ்99 என்கிற விசைப்பலகை முறையைச் சேர்த்துவிட்டு விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் அழுத்தி மாறினால் பலகையிலும் தமிழ் தெரியும். தலையாலோ கண்ணாலோ எழுதுகிறவருக்குத் தமிழ்99-ஐத்தான் சொல்வேன். ஒலிப்பு முறையில் 'கா' என்பதற்கே இரண்டு மூன்று ரோமன் எழுத்துகளைத் தேட வேண்டும். தமிழ்99-இல் க, க என்று இரண்டு தடவை தொட்டால் 'க்க' ஆகிவிடும், ங அடுத்து க தொட்டால் 'ங்க'. புள்ளி தானே விழும். ஒவ்வொரு தொடுதலும் ஒரு கழுத்துத் திருப்பம் என்கிறபோது இது சாதாரண லாபம் இல்லை. பலகையின் ஆப்ஷன்ஸில், எழுத்துமேல் கர்சரை நிறுத்தினாலே அடிக்கும் முறையும், எழுத்துகள் வரிசையாக ஒளிர்ந்து வரும்போது ஒரே ஒரு பொத்தானால் பிடிக்கும் முறையும் இருக்கின்றன.

கர்சர் எங்கே போச்சு என்றே தெரியவில்லை.

ஆக்ஸசிபிலிட்டியில் மவுஸ் பாயின்டரைப் பெரிதாக்கி, மஞ்சளோ பச்சையோ நிறம் கொடுங்கள். கன்ட்ரோலைத் தட்டினால் கர்சரைச் சுற்றி வட்டம் காட்டும் அமைப்பும் கன்ட்ரோல் பேனலில் உண்டு.

போனில்?

ஆண்ட்ராய்டில் கூகுளின் வாய்ஸ் ஆக்சஸ் செயலி, இதே எண் முறைதான். பேச முடியாதவருக்கு ஸ்விட்ச் ஆக்சஸ் என்ற வசதியில் கேமரா ஸ்விட்ச் இருக்கிறது. சிரித்தல், வாய் திறத்தல், புருவம் தூக்கல், இடம் வலம் மேலே பார்த்தல் ஆகியவற்றைப் பொத்தானாக்கலாம். ஐபோனில் 2019 முதல் வாய்ஸ் கன்ட்ரோல். போனை முகத்துக்கு நேரே நிறுத்த ஒரு ஸ்டாண்ட் இல்லாமல் இவை எதுவும் நடக்காது.

கரண்ட் போய் வந்தால் யாராவது வந்து ஆன் செய்யும்வரை காத்திருக்கிறேன்.

டெஸ்க்டாப் என்றால் பயாஸில், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கிற அமைப்புப் பக்கத்தில், மின்சாரம் திரும்பியதும் தானே இயங்கு என்கிற அமைப்பு பெரும்பாலும் இருக்கும். ஒரு தடவை மாற்றிவிட்டால் போதும். லேப்டாப்புக்கு பேட்டரி இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. மூடியை மூடினாலும் தூங்காதபடி பவர் அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். வாய்ஸ் ஆக்சஸில், உள்நுழைவதற்கு முன்பே தொடங்கு, உள்நுழைந்த பின் தொடங்கு என்று இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. இரண்டையும் ஆன் செய்யுங்கள்.

பழைய விண்டோஸ் 10 லேப்டாப்தான் இருக்கிறது.

வாய்ஸ் ஆக்சஸ் அதில் வராது. மவுஸ் கீஸ், ஸ்டிக்கி கீஸ், திரை விசைப்பலகை, ஈவியாகேம் எல்லாம் ஓடும். மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டதால், அதில் பேங்க் வேலை வேண்டாம்.

நேரில் உதவி எங்கே கிடைக்கும்?

ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. கடற்படைத் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2019-க்கு முன் அந்த ஊர் நெல்லை மாவட்டம், இப்போது தென்காசி. தண்டுவடப் பாதிப்புக்கான மறுவாழ்வு தெரிந்த ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். எந்த அசைவை நம்பலாம் என்று சொல்ல அப்படிப்பட்ட ஒருவர் பார்ப்பது நல்லது. உதவி உபகரணங்களுக்கும் அடையாள அட்டைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள்.

தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஒரு சேதி. மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல், 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்புள்ள, எழுதுவதில் சிரமம் உள்ளவர்களுக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தந்தது. கணினியில் எழுதும் வாய்ப்பையும் முடிந்தவரை தரச் சொன்னது. இப்போதைய விதி என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள், தேர்வு நாளன்று கேட்டால் நடக்காது.

பாஸ்வேர்டை எப்படி வாயால் சொல்வது? வீடே கேட்குமே.

சொல்லாதீர்கள். விண்டோஸுக்குள் நுழைய விண்டோஸ் ஹெல்லோவின் முக அடையாளம் இருந்தால் அதை வையுங்கள். இதற்கு அகச்சிவப்புக் கேமரா வேண்டும், எல்லா லேப்டாப்பிலும் இருக்காது. இணையதளங்களுக்கு உலாவியிலேயே பாஸ்வேர்டைச் சேமித்துவைத்தால் பெட்டியில் தானே நிரம்பும், 'க்ளிக்' சொன்னால் போதும். ஓடிபி எண்ணைச் சத்தமாகச் சொல்வதில் பெரிய மோசமில்லை, சில நிமிடத்தில் காலாவதியாகிவிடும். யூபிஐ பின்னை மட்டும் தலையாலோ மவுஸ் கீஸாலோ அடியுங்கள், அதுவும் பக்கத்தில் இருப்பவரைக் கொஞ்சம் திரும்பிக்கொள்ளச் சொல்லிவிட்டு.